பந்து எங்கே தொலைகிறது? எஃப்எம்24 பொசஷன் ஆட்டத்தின் கோளாறுகள், அறிகுறி வாரியாக

கால்பந்து அணியை நாமே நிர்வகிக்கும் கணினி விளையாட்டான ஃபுட்பால் மேனேஜர் 2024-இல் (எஃப்எம்24) பெங்களூரு எஃப்சி-யை எடுத்தாயிற்று. குறுகிய பாஸ்களால் பந்தை வைத்திருக்கும் டிக்கி-டாக்கா பிரீசெட்டைத் தேர்ந்தெடுத்து, பாஸிங்கை ஆகக் குறுகலாக வைத்து, டெம்போவையும் (ஆட்ட வேகம்) இறக்கியாயிற்று. அப்படியும் ஐந்தாவது ஆட்டம் முடியும்போது திரையில் பொசஷன், அதாவது பந்து நம்மிடம் இருந்த பங்கு, 43 சதவீதம்தான் நிற்கிறது. அல்லது 64 சதவீதம் காட்டுகிறது, ஆனால் கோல் இல்லை. இந்த இரண்டில் ஏதோ ஒன்றில் மாட்டிக்கொண்டவர்களுக்காக எழுதியது இது.

குறுகிய பாஸ் என்ற சிலைடர் பொசஷனைக் கொடுக்காது. பந்து வைத்திருப்பவனுக்குப் பக்கத்தில் வாங்க இரண்டு பேர் இருக்கிறார்களா, தொலைந்த பந்தைத் திரும்பப் பிடுங்க அருகில் ஆள் இருக்கிறானா என்பவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசி இங்கேதான் போய் முடியும்.

எடுத்துக்காட்டுகள் எல்லாம் 4-3-3 அமைப்பில்: பின்வரிசைக்கு முன்னால் ஒரு டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர், அவருக்கு மேலே இரண்டு மிட்ஃபீல்டர்கள், இரு ஓரத்திலும் விங்கர், நடுவே ஒரு ஸ்ட்ரைக்கர். எஃப்எம்25 வெளியாகாமலேயே கைவிடப்பட்டது. ரோலோடு (வீரரின் வேலை) சேர்ந்து அவர் எவ்வளவு முன்னேறலாம் என்று சொல்லும் டிஃபென்ட், சப்போர்ட், அட்டாக் என்ற டியூட்டிகளே எஃப்எம்26-இல் இல்லை. பந்து நம்மிடம் இருக்கும்போது ஒரு ஃபார்மேஷன், இல்லாதபோது இன்னொன்று என்று பிரித்துவிட்டார்கள். அதில் ஆடுபவர்கள் கீழே 'டியூட்டியை மாற்றுங்கள்' என்று வரும் இடத்தில் 'ரோலை மாற்றுங்கள்' என்று படித்துக்கொள்ளலாம். நோய் ஒன்றுதான்.

## எதையும் தொடுவதற்கு முன்

சேவ் கோப்பை வேறு பெயரில் ஒரு முறை சேமியுங்கள். டாக்டிக்கையும் தனியாகச் சேமியுங்கள். பாதி சோதனையில் கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரி காப்பாற்றும். ஆனால் ஆறு மாற்றம் செய்தபின் முதலில் எது எப்படி இருந்தது என்பதை எந்தப் பேட்டரியும் நினைவில் வைத்திருக்காது.

பிறகு கடைசி மூன்று ஆட்டங்களின் பாஸ் வரைபடத்தைத் திறந்து, தவறிய பாஸ்களையும் எதிரணி இடைமறித்த பாஸ்களையும் மட்டும் காட்டச் சொல்லுங்கள். ஆடுகளத்தை மனதுக்குள் மூன்றாக வெட்டிக்கொண்டு, புள்ளிகள் எங்கே குவிகின்றன என்று பாருங்கள்.

- நம் கோல் பக்கத்து மூன்றில் ஒரு பங்கில் குவிந்தால்: அறிகுறி 1
- நடுவில் குவிந்தால்: அறிகுறி 2
- எதிரணி பாக்ஸுக்கு வெளியே குவிந்தால், அல்லது பாஸ் எல்லாம் சேர்ந்தும் கோல் வரவில்லை என்றால்: அறிகுறி 3
- பந்தை அவ்வளவாகத் தொலைக்கவில்லை, ஆனால் தொலைத்த இரண்டு முறையும் கோல் விழுந்தது என்றால்: அறிகுறி 4
- நம் பாஸ்கள் சரியாகப் போகின்றன, மொத்தப் பாஸ் எண்ணிக்கைதான் குறைவு என்றால்: அறிகுறி 5
- முதல் பாதி நன்றாக இருந்து, 60-வது நிமிடத்துக்கு மேல் சரிகிறது என்றால்: அறிகுறி 6
- சொன்னது எதுவுமே களத்தில் நடக்கவில்லை என்றால்: அறிகுறி 7

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அதை மூன்று ஆட்டம் விட்டுப் பாருங்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் டெம்போவையும் அகலத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தால் டாக்டிக் பழக்கத்தைக் காட்டும் பட்டைகள் ஏறவே ஏறாது. கோளாறு உங்கள் திட்டத்திலா, பழகாத காலிலா என்று பிரித்துச் சொல்லவும் முடியாமல் போகும்.

## அறிகுறி 1: கோல்கீப்பரும் பின்வரிசையும் பந்தை மேலே தூக்கி அடிக்கிறார்கள்

### எல்லா ஆட்டத்திலும் இப்படித்தான் என்றால்

முதலில் கோல்கீப்பர் டிஸ்ட்ரிபியூஷன், அதாவது கீப்பர் பந்தை எப்படி, யாருக்குக் கொடுப்பது என்பது. டிரான்சிஷன் பக்கத்தில் பலர் இதைத் தொடாமலே விட்டிருப்பார்கள். 'டேக் ஷார்ட் கிக்ஸ்', பந்து போகவேண்டிய இடமாக 'சென்டர்-பேக்ஸ்', இரண்டையும் போடுங்கள். இன் பொசஷன் பக்கத்தில் 'பிளே அவுட் ஆஃப் டிஃபென்ஸ்' இருக்கிறதா என்று பாருங்கள். 'டிஸ்ட்ரிபியூட் குவிக்லி' இருந்தால் எடுத்துவிடுங்கள். அணி விரிந்து நிற்பதற்குள் பந்தைக் கொடுத்துவிட்டால் வாங்க ஆள் இருக்காது.

அடுத்து, சென்டர்-பேக்கின் ரோல். 'நோ-நான்சென்ஸ் சென்டர்-பேக்' என்று ஒருவர் இருந்தால் அவர் அடித்துத் தள்ளத்தான் செய்வார். அதுதான் அவர் வேலை. சாதாரண 'சென்ட்ரல் டிஃபெண்டர்' போதும். 'பால் பிளேயிங் டிஃபெண்டர்' என்ற ரோல் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். இந்த ரோல் நீளமான, துணிச்சலான பாஸையும் முயலச் சொல்லும். பாஸிங், விஷன் குறைந்தவருக்கு அதைக் கொடுத்தால் பந்து பத்திரமாகப் போவதற்குப் பதில் அதிகமாகத் தொலையும். இரண்டு சென்டர்-பேக்கில் ஒருவருக்கு மட்டும், அதுவும் தகுதி இருந்தால்.

பிறகு வீரரின் பழக்கங்கள். நீளப் பாஸ் அடிக்கும் பழக்கம் ஒருவரின் பக்கத்தில் எழுதியிருந்தால், உங்கள் கட்டளையைவிட அது பல நேரம் வலுவாக இருக்கும். டெவலப்மென்ட் பகுதியில் அந்தப் பழக்கத்தை விடவைக்கப் பயிற்சி போடலாம். அதற்குச் சில மாதம் பிடிக்கும். வயதானவரிடம் நடக்காமலும் போகலாம்.

### முன்னேறி அழுத்தும் அணிகளிடம் மட்டும் என்றால்

எண்ணிக்கைக் கணக்குதான். அவர்கள் மூன்று பேர் வந்து அழுத்த, நம் இரண்டு சென்டர்-பேக்குகள் மட்டும் பந்தை வைத்திருந்தால் வழி கிடையாது. டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரை 'ஹாஃப் பேக்' ஆக்குங்கள். பந்து நம்மிடம் இருக்கும்போது அவர் இரண்டு சென்டர்-பேக்குகளுக்கு நடுவே இறங்கி மூன்றாவது ஆளாக நிற்பார். இறங்கிய இடம் காலியாகும் என்பதால் மேலே இருக்கும் இரண்டு மிட்ஃபீல்டர்களில் ஒருவராவது சப்போர்ட் டியூட்டியில் அருகிலேயே இருக்கவேண்டும்.

அதற்கும் அடங்காவிட்டால் கோல்கீப்பரின் பந்து ஃபுல்-பேக்குகளுக்குப் போகட்டும். அதுவும் முடியாத நாளில் 'பிளே அவுட் ஆஃப் டிஃபென்ஸ்' கட்டளையை எடுத்துவிட்டு, பாஸிங்கை ஒரு படி நீளமாக்கி, அவர்கள் மும்முரமாக அழுத்தும் நேரத்தைக் கடந்துவிடுங்கள். கொள்கைக்காக நம் பாக்ஸுக்குள் பந்தைத் தொலைப்பதில் ஒரு பெருமையும் இல்லை.

### கடைசிச் செலவு

கோல்கீப்பரின் பாஸிங், ஃபர்ஸ்ட் டச், கம்போஷர், கிக்கிங் நான்கையும் பாருங்கள். நான்கும் லீக்கின் மற்ற கீப்பர்களைவிடக் கீழே என்றால் எந்தக் கட்டளையும் உதவாது. ஆனால் கோலைக் காப்பதில் அவர் கெட்டிக்காரர் என்றால், பாஸுக்காக அவரை விற்காதீர்கள். பந்தைச் சென்டர்-பேக்கிடம் உருட்டிவிட மட்டும் சொல்லுங்கள்.

## அறிகுறி 2: நடுக்களத்தில் பந்து பறிபோகிறது

### பாஸ் தவறிப் போகிறது என்றால்

மென்டாலிட்டியைப் (அணி எவ்வளவு துணிந்து ஆடவேண்டும் என்ற அமைப்பு) பாருங்கள். 'அட்டாக்கிங்' என்று வைத்துவிட்டு டெம்போ குறையவில்லையே என்று தேடுபவர்கள் அதிகம். மென்டாலிட்டியை ஏற்றினால் டெம்போ, அகலம், டிஃபென்சிவ் லைன் (பின்வரிசை எவ்வளவு முன்னால் நிற்பது), வீரர்கள் எடுக்கும் துணிச்சல் எல்லாமே கூட ஏறும். சிலைடர் 'ஸ்லைட்லி லோயர்' என்றே காட்டும்; ஆனால் அது ஏறிய மட்டத்திலிருந்து ஒரு படி கீழே, அவ்வளவுதான். பொசஷன் ஆட்டத்தை 'பேலன்ஸ்டு'-இல் தொடங்கி, உள்ளூரில் பலவீனமான அணி வந்தால் 'பாசிட்டிவ்'-க்கு ஏற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்தது டியூட்டிகளை எண்ணுவது. மூன்று மிட்ஃபீல்டரில் இருவர் அட்டாக் டியூட்டி என்றால் பந்து வந்ததும் இருவரும் முன்னால் ஓடிவிடுவார்கள். பாஸ் வாங்க யாரும் மிஞ்சமாட்டார்கள். சரியாக வேலை செய்யும் ஒரு கலவை:

- டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் இடத்தில் 'டீப் லையிங் பிளேமேக்கர்', டிஃபென்ட் டியூட்டி
- ஒரு பக்க மிட்ஃபீல்டர் 'சென்ட்ரல் மிட்ஃபீல்டர்', சப்போர்ட் டியூட்டி
- மறுபக்கம் 'மெஸாலா' (பக்கவாட்டில் விரிந்து முன்னேறும் மிட்ஃபீல்டர்), சப்போர்ட் டியூட்டி. எதிரணி பின்னால் ஒதுங்கினால் மட்டும் அட்டாக் டியூட்டி

பிளேமேக்கர் ரோலுக்கு ஒரு ஈர்ப்பு உண்டு. மற்ற பத்துப் பேரும் அவரைத் தேடித்தேடிப் பந்து கொடுப்பார்கள். எதிரணி அவர்மேல் ஒருவரை ஒட்டவைத்துவிட்டால் பந்து நேராகப் பொறிக்குள் போகும். வரைபடத்தில் இடைமறிப்புகள் எல்லாம் பிளேமேக்கரைச் சுற்றியே இருந்தால், அந்த ஆட்டத்துக்கு மட்டும் அவரைச் சாதாரண 'டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர்' ஆக்குங்கள். அதே ஆள், அதே கால். தேடிவரும் பாஸ் மட்டும் குறையும். நடுவில் இரண்டு பிளேமேக்கர் வைப்பது பார்க்க அழகாக இருக்கும், களத்தில் ஒருவர் பாதையில் இன்னொருவர் நிற்பார்.

### பாஸ் சேர்கிறது, வாங்கியவன் காலில் நிற்கவில்லை என்றால்

இது பாஸிங் குறைபாடு அல்ல. ஃபர்ஸ்ட் டச், கம்போஷர், டெசிஷன்ஸ் குறைபாடு. பொசஷன் அணிக்கு ஆள் தேடும்போது எல்லாரும் பாஸிங் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதால் வரும் வினை. 20-க்கு 14 பாஸிங்கும் 9 ஃபர்ஸ்ட் டச்சும் உள்ளவரைவிட இரண்டும் 12 உள்ளவர் அழுத்தத்தில் அதிகம் பயன்படுவார்.

டீம் ரிப்போர்ட்டில் லீக் அணிகளோடு நம்மை ஒப்பிடும் பக்கம் இருக்கிறது. பாஸிங், ஃபர்ஸ்ட் டச், டெசிஷன்ஸ், கம்போஷர், டீம்வொர்க் ஐந்திலும் எத்தனையாவது இடம் என்று பாருங்கள். மூன்றுக்கு மேல் கீழ்ப்பாதியில் இருந்தால் 'மச் ஷார்ட்டர்' பாஸிங்கை விட்டுவிட்டு 'ஸ்லைட்லி ஷார்ட்டர்'-இல் நிறுத்துங்கள். மிகக் குறுகிய பாஸ் வீரர்களை நெருக்கமாக இழுக்கும். எதிரணியும் கூடவே வரும். அந்த நெருக்கத்தில் தடுமாறும் கால்கள் பந்தை விட்டுவிடும்.

பயிற்சியில் வாரத்துக்கு ஒன்றிரண்டு 'பொசஷன்', ஒரு 'மேட்ச் பிராக்டிஸ்' போதும். ஏழு நாளும் அதையே போட்டால் வீரர்கள் களைப்பார்கள், முணுமுணுப்பார்கள்.

## அறிகுறி 3: 65 சதவீதம் பந்து நம்மிடம், கோல் மட்டும் வரவில்லை

பலரையும் தூங்கவிடாத கோளாறு இதுதான். பிரகாரத்தைச் சுற்றிச்சுற்றி வருகிறார்கள், கருவறை வாசலை மிதிப்பதில்லை. அல்சூர் கௌதமபுரம் மைதானத்து ஓரத்தில் நின்றால் "சும்மா சுத்தாத மச்சா, உள்ள குடு!" என்று யாராவது கத்தியிருப்பார்கள். பெலேவுக்குச் சிலை வைத்த பகுதி அது. பக்கவாட்டுப் பாஸுக்குக் கைதட்டல் கிடைக்காது.

முதலில் ஒரு வகுத்தல் கணக்கு. ஆட்டத்தில் நம் மொத்த எக்ஸ்ஜி-யை (வாய்ப்புகளின் தரப்படி எதிர்பார்க்கக்கூடிய கோல் எண்ணிக்கை) நம் ஷாட் எண்ணிக்கையால் வகுங்கள்.

### ஒரு ஷாட்டுக்கு 0.10-க்கு மேல் வந்தால்

டாக்டிக்கைத் தொடாதீர்கள். வாய்ப்புகள் நல்லவைதான், அடிப்பவர் தவறவிடுகிறார். ஸ்ட்ரைக்கரின் ஃபினிஷிங், கம்போஷர், மன உறுதி நிலவரம், மேட்ச் ஷார்ப்னஸ் ஆகியவற்றைப் பாருங்கள். இரண்டு மூன்று ஆட்டம் கோல் வராததால் பயந்து, நன்றாக ஓடிய டாக்டிக்கைக் கலைத்தவர்கள் ஏராளம்.

### ஒரு ஷாட்டுக்கு 0.05, 0.06 என்று வந்தால்

தூரத்திலிருந்து அடிக்கிறார்கள், அல்லது கூட்டத்துக்குள் அடிக்கிறார்கள். மலிவிலிருந்து செலவு நோக்கிப் போவோம்.

ஓடுகிறவன் இருக்கிறானா? சப்போர்ட் டியூட்டிகளை எண்ணுங்கள். முன்னால் இருக்கும் ஐந்து பேரும் சப்போர்ட் என்றால் எல்லாரும் பந்தைக் காலுக்குக் கேட்டு வருவார்கள். எதிரணிப் பின்வரிசையைத் தாண்டி யாரும் ஓடமாட்டார்கள். குறைந்தது இருவர் அட்டாக் டியூட்டியில் வேண்டும், அதுவும் வெவ்வேறு பாதையில். ஸ்ட்ரைக்கர் 'ஃபால்ஸ் நைன்' ஆகப் பின்னால் இறங்கினால், அவர் விட்ட இடத்துக்குள் ஓட ஒரு 'இன்சைட் ஃபார்வர்டு' (ஓரத்திலிருந்து உள்ளே வெட்டும் விங்கர்) அட்டாக் டியூட்டியில் இருந்தே ஆகவேண்டும். ஓடுபவர் இல்லாத ஃபால்ஸ் நைன், ஸ்ட்ரைக்கரே இல்லாத அணி.

'வொர்க் பால் இன்டு பாக்ஸ்' கட்டளையை எடுத்துப் பாருங்கள். பொசஷன் பிரீசெட்களோடு கூடவே வரும் கட்டளை. தூர ஷாட்டைக் குறைக்க நல்லதுதான். ஆனால் இறங்கிய டெம்போவோடும் மிகக் குறுகிய பாஸோடும் சேரும்போது, அடிக்கவேண்டிய இடத்திலும் இன்னொரு பாஸ் தேடுவார்கள். இதை எடுத்ததும் தூர ஷாட் கூடினால், தூரத்திலிருந்து அடிக்கும் பழக்கமுள்ள இருவருக்கு மட்டும் தனியாக 'ஷூட் லெஸ் ஆஃபன்' கொடுங்கள். ஒருவரைத் திருத்த மொத்த அணியையும் கட்டிப்போடவேண்டாம்.

டெம்போவை ஒரு படி ஏற்றுங்கள். பொசஷன் என்றால் மெதுவாக என்று யாரும் விதி எழுதவில்லை. குறுகிய பாஸும் வேகமான டெம்போவும் சேர்ந்தால் எதிரணி நகர்ந்து அடைப்பதற்குள் பந்து மறுபக்கம் போயிருக்கும். காலில் தரமுள்ள அணிக்கு மட்டும். அறிகுறி 2-இல் சொன்ன ஒப்பீட்டில் கீழே இருப்பவர்கள் இதைச் செய்தால் மறுபடி அறிகுறி 2-க்கே வருவார்கள்.

அகலம். எதிரணி பத்துப் பேரும் பாக்ஸைச் சுற்றி நிற்கும்போது நாமும் நடுவில் குவிந்தால் போக்குவரத்து நின்றுவிடும். இரு விங்கர்களும் உள்ளே வெட்டும் ரோலில் இருந்து, ஃபுல்-பேக்குகளும் பின்னால் நின்றால் ஓரக்கோட்டில் யாருமே இல்லை. பந்து நம்மிடம் இருக்கும்போது வீரர்கள் சராசரியாக நிற்கும் இடத்தைக் காட்டும் படத்தைத் திறங்கள். இரண்டு ஓரக்கோட்டிலும் ஆளுக்கொருவர் தெரியவேண்டும். வலப்பக்கம் விங்கர் கோட்டை ஒட்டி நின்றால் அந்தப் பக்க ஃபுல்-பேக் உள்ளே வரலாம். இடப்பக்கம் விங்கர் உள்ளே வெட்டினால் ஃபுல்-பேக் 'விங்-பேக்', சப்போர்ட் டியூட்டியில் ஓரத்தைப் பிடிக்கட்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கத் தேவையில்லை. சமச்சீர் அழகு பாஸ் வரைபடத்துக்குத்தான்.

பந்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். கேட்கவே எரிச்சலாக இருக்கும், ஆனால் பலன் தரும். லைன் ஆஃப் எங்கேஜ்மென்ட்டை, அதாவது எதிரணியை அழுத்தத் தொடங்கும் கோட்டை, 'ஹை பிரஸ்'-இலிருந்து 'மிட் பிளாக்'-க்கு இறக்குங்கள். எதிரணிக்கு முன்னே வர இடம் கிடைக்கும். வந்தால் அவர்களுக்குப் பின்னால் இடம் உண்டாகும். 65 சதவீதம் 57 ஆகும். ஷாட்டின் தரம் ஏறும். சதவீதத்தைப் பார்த்து மகிழ்வதா, கோலைப் பார்த்து மகிழ்வதா என்று அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

ஜனவரிக்குப் பிறகு திடீரென இந்தக் கோளாறு வந்தால் டாக்டிக் கெட்டுப்போகவில்லை. உங்கள் அணியின் மதிப்பு ஏறிவிட்டது. எதிரணிகள் இப்போது உங்களைப் பார்த்துப் பின்னால் ஒதுங்குகின்றன. இதே பட்டியலை மேலிருந்து மறுபடி ஓட்டுங்கள்.

### இங்கே கூப்பிடவேண்டிய ஆள்: செட் பீஸ் கோச்

பூட்டிய பின்வரிசையைத் திறக்க கார்னரும் ஃப்ரீகிக்கும் குறுக்கு வழி. இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) 2018-19 இறுதி ஆட்டம் நினைவிருக்கும். செர்ஜியோ லொபேராவின் எஃப்சி கோவா லீக்கிலேயே பந்தை அழகாகச் சுற்றிய அணிகளில் ஒன்று. மும்பையில் நடந்த அந்த ஆட்டத்தை 117-வது நிமிடத்தில் ஒரு கார்னரில் பெங்களூரு எஃப்சி-யின் ராகுல் பேக்கே தலையால் முட்டிய பந்து முடித்தது, கோப்பை பெங்களூருக்கு வந்தது. எஃப்எம்24-இல் செட் பீஸ் பகுதியைப் புதிதாகக் கட்டி, அதற்கென்று தனிப் பயிற்சியாளர் பதவியும் வைத்திருக்கிறார்கள். நல்ல ஸ்ட்ரைக்கர் ஒருவருக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான் அவர் சம்பளம். எக்ஸ்ஜி கணக்கு சரியாகாமல் பத்து ஆட்டம் போனால் முதலில் இவரைச் சேருங்கள், ஸ்ட்ரைக்கர் அப்புறம்.

## அறிகுறி 4: எதிரணி மூன்று ஷாட் அடிக்கிறது, இரண்டு கோல்

பந்து நம்மிடம் இருக்கும்போதே தற்காப்பு தொடங்கிவிடவேண்டும். நம் தாக்குதலின்போது பந்துக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று சராசரி இடப் படத்தில் எண்ணுங்கள். ஐந்து வேண்டும்: மூன்று பேர் பின்னால், இருவர் அவர்களுக்கு முன்னால், அல்லது இரண்டு பின்னால், மூன்று முன்னால்.

நான்கு அல்லது அதற்குக் கீழே என்றால், ஒரு ஃபுல்-பேக்கை 'இன்வர்ட்டட் விங்-பேக்' ஆக்கி டிஃபென்சிவ் மிட்ஃபீல்டருக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். அல்லது 'இன்வர்ட்டட் ஃபுல்-பேக்' ஆக்கினால் அவர் சென்டர்-பேக்குகளோடு மூன்றாவது ஆளாக நிற்பார். உயரமும் டாக்லிங்கும் உள்ளவருக்கே அது பொருந்தும். மறுபக்க ஃபுல்-பேக் தாராளமாக முன்னேறலாம். இருவரும் முன்னேறுவது மட்டும் கூடாது.

ஐந்து பேர் இருந்தும் கோல் விழுகிறது என்றால் வேகத்தைப் பாருங்கள். சென்டர்-பேக்குகளின் பேஸ், ஆக்சிலரேஷன் இரண்டும் எதிரணி ஸ்ட்ரைக்கரைவிட நன்றாகக் கீழே என்றால் டிஃபென்சிவ் லைனை ஒரு படி இறக்குங்கள். கோல்கீப்பரை 'ஸ்வீப்பர் கீப்பர்', சப்போர்ட் டியூட்டியில் வைத்தால் பின்வரிசைக்குப் பின்னால் விழும் பந்துகளில் சிலவற்றை அவர் ஓடிவந்து எடுப்பார்.

மெதுவான மிட்ஃபீல்டை வைத்துக்கொண்டு 'கவுன்டர்-பிரஸ்' (பந்தை இழந்ததும் உடனே அழுத்துவது) போட்டால், அழுத்தப்போன மூவரையும் ஒரே பாஸில் தாண்டிவிடுவார்கள். 'கவுன்டர்-பிரஸ்', 'ரீகுரூப்' (பந்தை இழந்ததும் பின்வாங்கி அணிவகுப்பது) இரண்டையும் தேர்ந்தெடுக்காமலும் விடலாம். அருகில் இருப்பவர் அழுத்துவார், மற்றவர் திரும்புவார். பலருக்கு இந்த மூன்றாவது வழி இருப்பதே தெரியாது.

## அறிகுறி 5: பாஸ் எல்லாம் சேர்கிறது, பந்துதான் நம்மிடம் வருவதில்லை

பொசஷன் குறைவதற்குக் காரணம் எப்போதும் நாம் தொலைப்பதல்ல. பல நேரம் திரும்ப வாங்காததுதான்.

கோடுகளுக்கு இடையே உள்ள இடைவெளியை முதலில் பாருங்கள். 'ஹை பிரஸ்' வைத்துவிட்டு டிஃபென்சிவ் லைனை 'ஸ்டாண்டர்டு'-இல் விட்டிருந்தால், முன்வரிசை அழுத்தப் போகும், பின்வரிசை நகராது, நடுவில் எதிரணி நிம்மதியாகப் பந்து வாங்கும். இரண்டும் சேர்ந்தே ஏறவேண்டும், சேர்ந்தே இறங்கவேண்டும்.

பிறகு 'பிரிவென்ட் ஷார்ட் ஜிகே டிஸ்ட்ரிபியூஷன்', அதாவது எதிரணி கீப்பர் பக்கத்தில் பாஸ் கொடுப்பதைத் தடுப்பது. எதிரணியும் பின்னாலிருந்து பாஸ் செய்து வரும் வகை என்றால் இது ஒன்றே நிறைய மாற்றும். ஆனால் எதிரணி ஸ்ட்ரைக்கர் ஆறடிக்கு மேல் என்றால், கீப்பர் தூக்கி அடிக்கும் பந்தை அவர் வாங்கிவிடுவார். அன்றைக்கு இது வேண்டாம்.

'டிரிகர் பிரஸ்'-ஐ (எவ்வளவு அடிக்கடி ஓடிப்போய் அழுத்துவது) மொத்த அணிக்கும் உச்சத்தில் வைப்பதைவிட, முன்னால் இருக்கும் மூவருக்கும் இரு மிட்ஃபீல்டர்களுக்கும் மட்டும் தனிக் கட்டளையாகக் கொடுப்பது மேல். சென்டர்-பேக் இடத்தைவிட்டு ஓடமாட்டார். அழுத்துவதற்கு வேண்டியவை வொர்க் ரேட், ஸ்டாமினா, அக்ரஷன், டீம்வொர்க், ஆன்டிசிபேஷன். முன்வரிசையில் வொர்க் ரேட் 8 உள்ள ஒரு நட்சத்திரம் இருந்தால் அந்தப் பக்கமாகவே எதிரணி வெளியேறும். அவரை நட்சத்திரமாகவே வைத்துக்கொண்டு, அவருக்குப் பின்னால் இருப்பவரை ஓடுபவராகப் பார்த்து வைக்கலாம்.

## அறிகுறி 6: 60-வது நிமிடத்துக்குப் பிறகு கலைகிறது

இதயக்குறியின் நிறத்தைப் பாருங்கள். பச்சை மங்கி மஞ்சளுக்கு வந்தவர்களின் ஃபர்ஸ்ட் டச்சும் முடிவெடுப்பும் முதலில் சரியும். 60-க்கும் 70-க்கும் நடுவே மிட்ஃபீல்டர் ஒருவர், விங்கர் ஒருவர். ஐந்து மாற்று அனுமதி இருக்கும்போது கடைசிப் பத்து நிமிடம் வரை சேர்த்துவைப்பதில் பயனில்லை. பெங்களூரு குளிரில் 90 நிமிடம் ஓடும் பிரஸ், கொச்சியிலும் கொல்கத்தாவிலும் சென்னையிலும் ஓடாது. அங்கே போகும்போது 'டிரிகர் பிரஸ்'-ஐ ஆரம்பத்திலேயே ஒரு படி குறைத்துவிடுங்கள்.

மழைக்குப் பின் களம் சேறாக இருந்தால் குறுகிய பாஸ் நின்று நின்று போகும். ஆட்டத்துக்கு முன்பே களத்தின் நிலையைத் திரையில் பார்க்கலாம். மோசம் என்றால் அன்றைக்குப் பாஸிங் ஒரு படி நீளம்.

உள்ளூரில் நன்றாக ஓடி வெளியூரில் மட்டும் சொதப்பினால் ஆடுகள அளவையும் பாருங்கள். குறுகிய களத்தில் எதிரணி அடைக்கவேண்டிய இடமே குறைவு.

## அறிகுறி 7: சொன்னது களத்தில் நடக்கவில்லை

வரிசையாக:

- தனி வீரர் கட்டளை அணிக் கட்டளையோடு மோதுகிறதா? மோதினால் அந்த வீரருக்குத் தனிக் கட்டளைதான் செல்லும். சில ரோல்களில் சில கட்டளைகள் பூட்டியே இருக்கும். மாற்ற முடியாது, ரோலைத்தான் மாற்றவேண்டும்.
- டாக்டிக் பழக்கம் எவ்வளவு ஏறியிருக்கிறது? மூன்று டாக்டிக் இடங்களிலும் மூன்று வேறு பாணிகளை வைத்திருந்தால் எதுவும் முழுதாகப் பழகாது. மூன்றிலும் ஒரே பாணி, சிறு மாற்றங்களுடன்.
- ஸ்டாஃப் பொறுப்புகள் பக்கத்தில் எதிரணி வீரர்களுக்கான கட்டளைகளை உதவியாளர் போடுகிறாரா? அவர் போட்ட ஒன்று உங்கள் பிரஸ் திட்டத்தைக் கலைக்கலாம்.
- 'இன்ஸ்டன்ட் ரிசல்ட்' அழுத்தினால் ஆட்டத்தை நடத்துவது நீங்கள் அல்ல, உதவியாளர். அந்த முடிவுகளைச் சோதனைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

## எப்போது கையை எடுத்துவிட்டு ஆளைத் தேடுவது

மேலே உள்ள மாற்றங்களை ஒவ்வொன்றாக, மூன்று மூன்று ஆட்டம் பார்த்தும் அதே அறிகுறி அதே இடத்தில் நின்றால், இனி சிலைடரில் பதில் இல்லை. அணியில் பெர்ஃபாமன்ஸ் அனலிஸ்ட் இடம் காலியாக இருந்தால் முதலில் அதை நிரப்புங்கள். புள்ளிவிவரங்களைக் காட்டும் டேட்டா ஹப்பில் கிடைக்கும் தகவல் கூடும். பிறகுதான் வீரர் சந்தை.

ஐஎஸ்எல்-இல் 2021-22 சீசனிலிருந்து ஒரே நேரத்தில் களத்தில் நான்கு வெளிநாட்டவர்தான். அந்த நான்கு இடங்களை எப்படிச் செலவழிக்கிறோம் என்பதே பொசஷன் அணியின் தலையெழுத்து. பெரும்பாலோர் ஸ்ட்ரைக்கரில் தொடங்குவார்கள். பொசஷனுக்கு வரிசை வேறு: முதலில் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர், அடுத்து பாஸ் கொடுக்கத் தெரிந்த ஒரு சென்டர்-பேக், மூன்றாவது மேலே நிற்கும் மிட்ஃபீல்டர், கடைசியில் ஸ்ட்ரைக்கர். விங்கரும் ஃபுல்-பேக்கும் இந்தியராக இருக்கட்டும். வேகமும் ஓட்டமும் உள்ளவர்கள் அந்த இடங்களில் எளிதாகக் கிடைப்பார்கள். தேடும்போது ஸ்கவுட்டுக்குக் கொடுக்கும் வடிகட்டியில் பாஸிங்கோடு ஃபர்ஸ்ட் டச், கம்போஷர், டெசிஷன்ஸ் மூன்றையும் சேர்க்க மறக்கவேண்டாம்.

வீரர்கள் சரி, பழக்கமும் முழுசு, ஆனால் போட்ட கட்டளை திரையிலிருந்தே மறைகிறது அல்லது சேமித்த டாக்டிக் மாறிப்போகிறது என்றால் அது ஆட்டக் கோளாறு அல்ல, மென்பொருள் கோளாறு. வெளியிலிருந்து இறக்கிய ஸ்கின் (திரையின் தோற்றத்தை மாற்றும் கோப்பு) இருந்தால் முதலில் அதை எடுத்துவிட்டு, பிரிஃபரன்சஸில் கேஷை அழியுங்கள். ஸ்டீமில் விளையாட்டின் பெயர்மேல் வலது கிளிக் செய்து, பிராபர்ட்டீஸ், இன்ஸ்டால்டு ஃபைல்ஸ் என்று போய்க் கோப்புகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அப்படியும் நீடித்தால், எந்தத் தேதியில் எந்தக் கட்டளை மறைந்தது என்று எழுதி, அந்த இடத்துக்குச் சற்று முந்தைய சேவ் கோப்போடு, விளையாட்டை உருவாக்கிய ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு அனுப்புங்கள். கோளாறு நடந்தபிறகு எடுத்த சேவ் மட்டும் இருந்தால் அவர்களால் அதை மறுபடி நடத்திப் பார்க்க முடியாது.